ஆடு சாகாத கறிக்குழம்பு

ஆட்டின் மேல் ஒரு சிராய்ப்புகூடப் படாமல் கறிக்குழம்பு வைக்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கையால் நான் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். ‘எங்கள் ஊரிலும் ஒருத்தர் மீல்மேக்கரில் குழம்பு வைப்பாரே’ என்று கடிதம் எழுத உட்காரும் வாசகர்கள் தயவுசெய்து பேனாவை மூடி வைக்கவும். மீல்மேக்கரில் யார் வேண்டுமானாலும் குழம்பு வைக்கலாம். அதைத் தின்று பார்த்த கறிக்கடைக்காரர் ஒருவர், ‘இது வெள்ளாடு, முன்னங்கால் பக்கம்’ என்று அடித்துச் சொல்ல வேண்டும். அப்புறம் வாருங்கள், பேசுவோம்.

அவருக்குப் பெயர் டூப்பு அண்ணன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது திருமங்கலம் தாண்டி மதுரைக்குள் வரவில்லை. சினிமாவில் கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்க வேண்டிய நேரத்தில் அதே சட்டை போட்ட வேறொருவர் குதிப்பார் அல்லவா? எங்கள் சட்டியிலும் அதே கதைதான். மீன் குழம்பில் மீனுக்குப் பதில் வாழைக்காய் குதிக்கும். ஆம்லெட்டில் முட்டைக்குப் பதில் கடலைமாவு குதிக்கும். வாழைக்காயைச் சும்மா வட்டமாக நறுக்க மாட்டார். வஞ்சிர மீன் துண்டு மாதிரி நறுக்கி, நடுமுள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையும் போடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்தோம். நான் ஒரு அச்சகத்தில் இருந்தேன். பாண்டி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அதாவது அவன் அப்படித்தான் சொன்னான். மற்ற இரண்டு பேரும் மில் வேலை. சாப்பிடும் நேரம் தவிர அவர்களை விழித்த நிலையில் பார்த்ததில்லை. டூப்பு அண்ணன் கீழவாசலில் ஒரு பெயிண்டுக் கடையில் கலர் கலக்கிக் கொடுப்பவர். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஐந்து பேர் சம்பளத்தையும் ஒன்றாகக் கொட்டினாலும் அதில் பெரும்பகுதி ஊருக்கு மணியார்டரில் போய்விடும். மீந்ததில்தான் எங்கள் ராச்சாப்பாடு.

அந்த மீந்ததை வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. கடை முடிந்ததும் நேரே மார்க்கெட்டுக்குப் போவார். வியாபாரிகள் சாக்கைச் சுருட்டுகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைவார். காய்க்காரம்மா முன்னால் மிஞ்சிக் கிடக்கும் கத்தரிக்காய்க் கூறின் எதிரே குத்துக்காலிட்டு உட்காருவார்.

“ஆத்தா, இதுக்கு வயசாயிருச்சு. நாளைக்கு ஒருத்தனும் சீந்த மாட்டான். பேசாம என்கூட அனுப்பிரு, நான் நல்லபடியா வச்சுக்கறேன்.”

“பொண்ணு கேக்குற மாதிரியில்ல கேக்குற! தூக்கிட்டுப் போய்த் தொலை.”

சிரித்துக்கொண்டேதான் திட்டுவார்கள். கூடவே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் விழும். அது சீதனம் என்பார் அண்ணன்.

சமைக்கும்போது அடுப்படிக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. வாசலில் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மி அரைபடும் சத்தமும் தாளிக்கும் சத்தமும் மட்டும் வரும். கலர் கலக்குகிற மனிதர் என்பதால் குழம்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். கரண்டியில் எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்து, “இன்னும் ஒரு சேடு ஏறணும் மாப்ள” என்று திரைக்குப் பின்னாலிருந்து அறிவிப்பார். நிறம் சரியாக வருகிறவரை நாங்கள் தட்டோடு காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது. சாப்பிடும்போது எதையும் அதன் உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. வாழைக்காயை மீன் என்றுதான் கேட்க வேண்டும். ஒருநாள் பாண்டி, ஆராய்ச்சி மாணவன் அல்லவா, வாய் சும்மா இருக்காமல், “மீல்மேக்கர் நல்லா ஊறியிருக்குண்ணே” என்று பாராட்டிவிட்டான்.

அண்ணன் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டார்.

“மீல்மேக்கரு வேணும்னா மளிகைக் கடையில போய் வாங்கி மெல்லு. இங்கன கறிதான் போடுவோம்.”

அன்று பாண்டியின் தட்டில் அதற்கப்புறம் ரசம் மட்டும்தான் விழுந்தது. மறுநாளிலிருந்து எங்களில் யாருக்கும் அந்தத் தப்பு நேரவில்லை. “கறி இன்னும் ரெண்டு போடுங்கண்ணே”, “எனக்கு எலும்பாப் பாத்துப் போடுங்கண்ணே” என்று உரக்கக் கேட்கப் பழகிவிட்டோம். உரக்கக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

எலும்பு என்றால் முருங்கைக்காய். விரல் நீளத்துக்கு வெட்டி, மீல்மேக்கரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி அடுக்கிவிடுவார். கறியில் கொழுப்பு இருக்க வேண்டுமே, அதற்குத் தேங்காயைச் சின்னப் பல்லாகக் கீறி நல்லெண்ணெயில் வதக்கிப் போடுவார். சின்ன வெங்காயமும் மிளகும் சோம்பும் அம்மியில் மசிந்து, கடைசியில் கல்பாசி எண்ணெயில் பொரியும்போது ஒரு வாசம் கிளம்பும் பாருங்கள், தெருவில் போகிற நாய் நின்று எங்கள் மாடியைப் பார்க்கும். மாதக் கடைசியில் கையில் எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இந்தக் குழம்பை வைப்பார். “இன்னிக்குத்தான்டா நாம ராசா மாதிரி திங்கணும்” என்பார். நாங்களும் முருங்கைக்காயை உறிஞ்சுகிற உறிஞ்சல் ஊருக்கே கேட்கும்.

ஊர் கேட்டால் பரவாயில்லை. கீழ் வீட்டில் கேட்டதுதான் வினை.

வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். சௌராஷ்ட்ராக்காரர், பட்டு வியாபாரம். அவர், மாமி, கல்யாண வயதில் ஒரு மகள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களோடு சுத்தமான மதுரைத் தமிழ். பேச்சிலர் பசங்களுக்கு மதுரையில் வீடு கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். நாலு தெரு அலைந்து, எட்டு வாசலில் அவமானப்பட்டு வந்த எங்களுக்கு அந்த மாமா ஒரே ஒரு நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குள் கவுச்சி கூடாது. மீறினால் அன்றைக்கே காலி.

அந்தக் காலத்து வீடு என்பதால், கீழே வெளிச்சம் போவதற்காக எங்கள் கூடத்துத் தரையின் நடுவில் ஒரு இரும்புக் கிராதி போட்டிருந்தார்கள். வெளிச்சம் கீழே போனதோ இல்லையோ, எங்கள் பேச்சும் வாசமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் கவளம் வாய்க்குள் போகும் நேரத்தில் மாமா மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. மூக்கு தனியாகத் துடித்தது.

“என்னய்யா சாப்புடுறீங்க?”

நாங்கள் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் குழம்பைத் துழாவினார். மில்காரர்களில் ஒருவன், தூக்கக் கலக்கத்திலும் சட்டத்தை மறக்காமல், “கறி மாமா” என்றான்.

அம்புட்டுத்தான். மாமா ஆடிவிட்டார். பாண்டி எழுந்து, “இல்ல மாமா, மீல்மேக்கரு” என்று கெஞ்சினான்.

“யாருக்கிட்ட கதை விடுற? மாசாமாசம் கேக்குறேன், கறி போடு, எலும்பு போடுன்னு. எனக்குக் கறி வாசம் தெரியாதா? நான் திங்காத கறியா? மக கல்யாணம் முடியிற வரைக்கும் தொடுறதில்லன்னு வேண்டிக்கிட்டு ரெண்டு வருசமா நாக்கைக் கட்டிக்கிட்டு இருக்கேன். என் தலைக்கு மேலயே உக்காந்து இப்பிடிப் பண்றீங்களேடா!”

கடைசி வாக்கியத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஒருவேளை கறியாக இருந்து தொலைத்தால் வேண்டுதல் போச்சு என்று மாமா தட்டுப் பக்கமே வர மறுத்தார்.

அப்போதுதான் பாண்டிக்கு அந்த அறிவு வந்தது. சந்து முனையில் கறிக்கடை வைத்திருக்கும் பாயைக் கூட்டி வந்தால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். கறியைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஓடிப்போய் அழைத்து வந்தான். பாய் நிதானமான மனிதர். கையைக் கழுவினார், உட்கார்ந்தார், பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். நாங்கள் எங்கள் சாட்சியையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வெள்ளாடு. முன்னங்கால் பக்கம்” என்றார் பாய். பிறகு அவர் முகம் மாறியது. “ஆனா நம்ம கடைக் கறி இல்ல. ஏன் தம்பி, மொனையில நான் ஒருத்தன் கடை வச்சிருக்க, எங்கிட்டுப் போய் வாங்குனீங்க?”

அவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவி கைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. டூப்பு அண்ணனைத் திரும்பிப் பார்த்தால், மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களாடா? பாயே சொல்லிட்டாரு! முன்னங்காலாம்!”

“அண்ணே, வீடு போகுதுண்ணே!” என்று அலறினான் பாண்டி.

“போனாப் போகுதுடா. முன்னங்கால்னு சொல்லிட்டாருல்ல.”

அந்த மயக்கம் தெளிய அவருக்கு ஒரு நாள் பிடித்தது. எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தெளிந்தது. மறுநாள் சாயங்காலம் அவர் மட்டும் கீழே போனார். நாங்கள் நால்வரும் கிராதியைச் சுற்றிக் குப்புறப் படுத்துக் காதைக் கொடுத்தோம்.

“மாமா, ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து என் அடுப்புக்கு முன்னால உக்காருங்க. சட்டி ஒங்க சட்டி, எண்ணெய் ஒங்க எண்ணெய். ஒரு துண்டு கவுச்சி விழுந்தா நாங்களே மூட்டையைக் கட்டிருவோம்.”

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களில் ஒருவரைக்கூட அந்த வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம் விடாத மனிதர். எங்களுக்காகத்தான் அந்தத் திரையை விலக்கினார் என்று அன்றைக்கே புரிந்தது. அவரிடம் சொன்னால் திட்டுவார் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா மடக்கு நாற்காலி, மாமி கழுவிக் கொடுத்த வெண்கலப் பானை, எண்ணெய்த் தூக்கு சகிதம் வந்து அடுப்படியில் அமர்ந்தார். நாங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். மீல்மேக்கரைப் பிதுக்கிப் பார்த்தார். முருங்கைக்காயை முகர்ந்து பார்த்தார். கல்பாசி கருகருவென்று சருகு மாதிரி இருந்ததைக் கண்டதும், “பிடிச்சேன்! இது கருவாடு!” என்று எழுந்துவிட்டார். அண்ணன் ஒன்றை வாயில் போட்டு மென்று துப்பிக் காட்டிய பிறகுதான் மாமா உட்கார்ந்தார். கல்பாசி எண்ணெயில் விழுந்தது. மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. குழம்பு கொதிக்கக் கொதிக்க அவர் நாற்காலி தானாகவே அடுப்புப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

முதல் தட்டு அவருக்குத்தான். கண்ணெதிரே சமைத்தது, கவுச்சி இல்லை என்று அவரே சாட்சி. ஒரு வாய் வைத்தார். ரெண்டு வருடப் பட்டினி அந்த முகத்தில் தெரிந்தது. முருங்கைக்காயை எடுத்து உறிஞ்சினார் பாருங்கள், எங்களுக்கே பொறாமையாக இருந்தது. தட்டு காலியானது. தட்டை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் போடுப்பா.”

“எது மாமா?” என்றார் அண்ணன், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

“இதான்… இந்த மீல்மேக்கரு.”

“அப்பிடி ஒண்ணு நம்ம வீட்டுல கெடையாது மாமா.”

பாண்டி மாமாவின் காதில் சட்டத்தைச் சொன்னான். வீடு போனாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்காத மனிதர் அண்ணன் என்பது மாமாவுக்கு அப்போது புரிந்தது. கிராதி வழியாகக் கீழே ஒருமுறை பார்த்தார். மாமியைக் காணோம். குரலைத் தாழ்த்தி, “கறி… கறி ரெண்டு போடுப்பா. எலும்பாப் பாத்து” என்றார்.

வீடு தப்பித்தது என்று நாங்கள் கும்மாளம் போட்டோம். அடுத்த நாளே அதில் மண் விழுந்தது. மாமா அண்ணனைக் கீழே கூப்பிட்டார். நாங்கள் மறுபடி கிராதியில் குப்புற விழுந்தோம்.

“தம்பி, நீ இங்கயே இருந்துக்க. வாடகை வேணாம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்களுக்கும் சேத்து வச்சிரு, சாமான் என் செலவு. அந்த நாலு பேரையும் வேற எடம் பாக்கச் சொல்லிரு. மகளைப் பாக்க ஆளுக வாரப்ப மாடி முழுக்க எளவட்டப் பயலுகளா இருந்தா நல்லாருக்காது.”

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாடகையில்லாத வீடு. சாமான் செலவும் இல்லை. ஊரில் இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டிய மனிதர். சரி என்று சொன்னால் அவரை யார் குறை சொல்ல முடியும்? எங்களுக்கு வீடு போகும் கவலையைவிடவும், நாளை ராத்திரி யார் கையால் சாப்பிடப்போகிறோம் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“செய்யலாம் மாமா. ஆனா ஒரு சிக்கல். அஞ்சு ஆளுக்குக் கொறஞ்சு எனக்குச் சமைக்க வராது.”

“வராதுன்னா?”

“கை அளவு அப்பிடி அமைஞ்சுபோச்சு. ஆளு கொறஞ்சா உப்புக் கூடிப்போகும், ருசி ஓடிப்போகும்.”

மாமா வியாபாரி. விடுவாரா? “நாங்க மூணு பேரு, நீ ஒருத்தன், நாலு ஆச்சு. சரி, அந்தப் பயலுகள்ல ஒருத்தனை மட்டும் வச்சுக்க. அஞ்சு ஆச்சா?”

மேலே நாங்கள் நால்வரும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையில் நட்பு கொஞ்சமும் இல்லை. அந்த ஒருத்தன் யார்? நான் சிரித்த முகமாக இருக்க முயன்றேன். பாண்டி, “அண்ணன் ஊருக்குப் பக்கத்து ஊரு நான்தான்” என்று கிசுகிசுத்தான்.

“ஒங்க வீட்டுக்குச் சேத்து வச்சா கணக்கு மாறிப்போகும் மாமா,” என்றார் அண்ணன் கொஞ்சமும் அசராமல். “சின்னச் சட்டின்னா அஞ்சு, பெரிய சட்டின்னா எட்டு. நடுவுல எனக்குக் கை வராது.”

நாங்கள் ஐந்து, அவர்கள் மூன்று. எட்டு. மாமா கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அல்லது எலும்பை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். “என்னமோ பண்ணுங்கடா. ஆளுக வாரப்ப மட்டும் எல்லாரும் சட்டையைப் போட்டுக்கிட்டு இருங்க” என்றார்.

அன்றிலிருந்து ராத்திரிக்கு எட்டுப் பேருக்கு உலை வைத்தோம். அண்ணன் மேலே வந்ததும் நாங்கள் அவரைத் தூக்கிச் சுற்றினோம். “விடுங்கடா, அடுப்புல சட்டி இருக்கு” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் இருந்தது, வெங்காயம் என்றார். வெங்காயம் அன்று உரிக்கவே இல்லை.

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேண்டுதல் தீர்ந்த முதல் ஞாயிறு, மாமா பாயின் கடையில் உண்மையான ஆட்டுக்கறி வாங்கி, முன்னங்கால்தானா என்று மூன்று முறை கேட்டு, அண்ணன் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசல் அவருக்குப் பழக்கமில்லை. எல்லாம் போட்டார், எல்லாம் செய்தார். மாமா ஒரு வாய் தின்றார். யோசித்தார். இன்னொரு வாய் தின்றார்.

“நல்லாத்தான்பா இருக்கு. ஆனா கறி வாசமே இல்லையே?”

அண்ணன் கோபப்படவில்லை. “எனக்கும் அதான் மாமா தோணுச்சு” என்றார். அடுத்த வாரம் மாமாவே மளிகைக் கடைக்குப் போய் மீல்மேக்கர் வாங்கி வந்தார்.

பிறகு தங்கைகள் கல்யாணம், அண்ணன் கல்யாணம் என்று காலம் ஓடியது. அவர் திருமங்கலத்தில் சொந்தமாகப் பெயிண்டுக் கடை வைத்து அங்கேயே போய்விட்டார். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அந்த அஞ்சு ஆள் கதையை நான் எத்தனையோ பந்தியில் சொல்லியிருக்கிறேன். எங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒரு மனிதர் எவ்வளவு அழகாகப் பொய் சொன்னார் பாருங்கள் என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போன நான் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டில் நுழைந்தேன். சாயங்கால நேரம். அடுப்படி வாசலில் அதே வேட்டித் திரை. அண்ணன் உள்ளேயிருந்து, “வாடா மாப்ள, உக்காரு, ஒரு சேடு ஏறணும்” என்றார். தலை நரைத்தும் குரல் நரைக்கவில்லை. இப்போது அசல் கறி வாங்க வசதி இருக்கிறது, ஆனாலும் சட்டியில் கொதித்தது பழைய டூப்புதான். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். சட்டி நிறையக் குழம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

“நான் வாரது தெரியுமாண்ணே? இம்புட்டு வச்சிருக்கீங்க!” என்றேன்.

அவர் மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டு பதில் சொன்னார். “அட நீங்க வேறண்ணே. ரெண்டு பேருக்கு வைங்கன்னு கல்யாணமான நாள்லருந்து சொல்றேன். இவருக்கு வரமாட்டேங்குது. அஞ்சு ஆளுக்குத்தான் கை போகுது. மிச்சத்தைத் தெனமும் பக்கத்து வீட்டுக்குத் தூக்குல ஊத்தி அனுப்புறேன்.”

அண்ணன் ஒன்றும் நடக்காதது போல் கரண்டியால் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

நான் தட்டை நீட்டி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: “கறி இன்னும் ரெண்டு போடுங்கண்ணே.”